சாணி வண்டுக்கு ஒரு விமானப் பயணம்

பெரிய ஆராய்ச்சி நிறுவனம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது, செல்லங்களே? ராக்கெட், ரோபோ, புகை கக்கும் கண்ணாடிக் குடுவை? சாணி ஞாபகம் வந்ததா? வரவில்லைதானே! அப்படியானால் கிளம்புங்கள், ஆஸ்திரேலியா போய் வருவோம்.

அங்கே சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்று ஓர் அரசு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அந்த நாட்டுக்காரர்கள் செல்லமாக ‘சைரோ’ என்பார்கள். 1926-இல் வேறு பெயரில் தொடங்கியது. 1949-இல் இந்தப் பெயர் வந்தது. ஆயிரக்கணக்கானோர் அங்கே வேலை பார்க்கிறார்கள். விண்மீன், கோதுமை, கடல், கரையான் என்று அவர்கள் கை வைக்காத துறை குறைவு.

சரி, ஒரு புதிர் போடுகிறேன். நீங்கள் கெட்டிக்காரர்கள், யோசித்துக்கொண்டே வாருங்கள்.

1788-இல் ஆங்கிலேயர்கள் கப்பலில் வந்து ஆஸ்திரேலியாவில் குடியேறினார்கள். கூடவே சில மாடுகளையும் ஏற்றி வந்தார்கள். அதற்கு முன் அந்தக் கண்டத்தில் மாடே கிடையாது. போகப் போக மாடுகள் பெருகி, கோடிக்கணக்கில் ஆகிவிட்டன. ஒரு மாடு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை சாணி போடும். பெருக்கிப் பாருங்கள், தலை சுற்றும்!

அந்தச் சாணி விழுந்த இடத்திலேயே காய்ந்து, இறுகி, மாதக்கணக்கில் கிடந்தது. அதைச் சுற்றி முளைத்த புல்லை மாடுகள் மோந்துகூடப் பார்க்கவில்லை. ஈக்களுக்குத்தான் கொண்டாட்டம். ஈரச் சாணியில் முட்டையிட்டுக் கூட்டம் கூட்டமாகப் பெருகின. ஒரே ஒரு சாணித் திட்டிலிருந்து நூற்றுக்கணக்கான ஈக்கள் கிளம்பும். முகத்துக்கு முன்னால் கையை ஆட்டி ஆட்டி ஈ விரட்டுவதற்கு ‘ஆஸ்திரேலிய சல்யூட்’ என்று கேலிப்பெயரே வந்துவிட்டது.

நம் ஊர் மேய்ச்சல் தரையிலும்தான் மாடு சாணி போடுகிறது. அது ஏன் இப்படி மாதக்கணக்கில் கிடப்பதில்லை? இதுதான் புதிர். விடை தெரிந்தவர்கள் சற்றுப் பொறுங்கள்!

1950-களின் தொடக்கத்தில் ஹங்கேரியில் பிறந்த ஓர் இளைஞர் ஆஸ்திரேலியாவுக்கு வந்தார். பெயர் ஜார்ஜ் போர்னெமிசா. சிறு வயதிலிருந்தே வண்டு பிடித்துச் சேர்ப்பதில் அவருக்குப் பித்து. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு மாட்டுப் பண்ணையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். தரையெல்லாம் காய்ந்த சாணி! ‘எங்கள் ஊரில் இப்படி இருக்காதே’ என்று யோசித்தார். சொந்த ஊரில் சாணியைத் துடைத்துக்கொண்டு போவது யார் என்பது அவருக்குத் தெரியும்.

ஆம், சாணி வண்டு! சாணியை உருண்டையாக்கிப் பின்னங்கால்களால் தள்ளிக்கொண்டு போகுமே, அதன் சொந்தக்காரர்கள்தான். எல்லா வகையும் உருட்டுவதில்லை. பல வகைகள் சாணிக்கு நேர் கீழேயே குழி தோண்டி, அதை மண்ணுக்குள் இழுத்துப் போகும். உள்ளே முட்டையிடும். பொரிந்து வரும் புழுவுக்கு அந்தச் சாணிதான் சாப்பாடு. மேலே தரை சுத்தம். கீழே மண்ணுக்கு உரம். ஈக்கு இடமே இல்லை.

அப்படியென்றால் ஆஸ்திரேலியாவில் சாணி வண்டே இல்லையா? நல்ல கேள்வி! இருந்தன, நூற்றுக்கணக்கான வகைகள் இருந்தன. ஆனால் அவை கங்காருவின் சின்னச் சின்ன, காய்ந்த புழுக்கைகளுக்குப் பழகியவை. பெரிய, கொழகொழவென்ற மாட்டுச் சாணியை என்ன செய்வதென்று அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தெரியவில்லை. புரிகிறதா? மாடு கப்பலேறி வந்துவிட்டது. அதன் பின்னால் சுத்தம் செய்கிறவர் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

போர்னெமிசா சைரோவில் சேர்ந்தார். ‘மாட்டுச் சாணி தின்னும் வண்டுகளை வெளிநாட்டிலிருந்து கொண்டு வருவோம்’ என்றார். 1965-இல் சாணி வண்டுத் திட்டம் தொடங்கியது. 20 ஆண்டு நடந்தது.

ஆனால், வண்டைப் பிடித்தோமா, டப்பாவில் போட்டு அனுப்பினோமா என்று முடிகிற காரியமா அது? ஆஸ்திரேலியா ஏற்கெனவே சூடு கண்ட பூனை. 1935-இல் கரும்பைத் தின்னும் வண்டுகளை ஒழிக்க வெளிநாட்டுத் தேரை ஒன்றைக் கொண்டு வந்து விட்டார்கள். (அது சைரோ செய்த வேலை இல்லை.) தேரை வண்டுகளை ஒழிக்கவில்லை, தானே பெருந்தொல்லையாகிவிட்டது. அதனால் இந்த முறை எச்சரிக்கையோ எச்சரிக்கை. வண்டின் உடம்பில் ஒட்டிக்கொண்டு கோமாரி போன்ற மாட்டு நோய்கள் வந்துவிடக்கூடாது அல்லவா?

என்ன செய்தார்கள் தெரியுமா? தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா நகரத்தில் ஓர் ஆய்வுக்கூடம் வைத்தார்கள். வண்டுகள் சாணி உருண்டைக்குள் இட்ட முட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்கள். கிருமிநாசினியில் கழுவினார்கள். முட்டைகளை மட்டும் பொதிந்து விமானத்தில் கான்பெராவுக்கு அனுப்பினார்கள். அங்கே விஞ்ஞானிகள் உள்ளூர்ச் சாணியைத் தங்கள் கையாலேயே உருட்டி, ஒரு குழி செய்து, ஒரு முட்டையை உள்ளே வைத்து மூடினார்கள். தாய் வண்டு செய்கிற வேலையை மெத்தப் படித்தவர்கள் உட்கார்ந்து செய்தார்கள்! எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது. சாணி உருட்டுவதில் கூச்சப்படாதவர்தான் விஞ்ஞானி என்பது என் கட்சி.

1968-இல் முதல் வண்டுகளைக் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் விட்டார்கள். மொத்தம் 43 வகைகளை விட்டதில் 23 வகைகள் நிலைத்தன. ஏன் இத்தனை வகை? ஒன்று பகலில் பறக்கும், ஒன்று இரவில். ஒன்றுக்கு வெயில் வேண்டும், இன்னொன்றுக்குக் குளிர். ஒரு வகையை மட்டும் நம்பினால் வேலை பாதியில் நின்றுவிடும். பல இடங்களில் ஈக்களின் தொல்லை நன்றாகக் குறைந்தது. முழுக்க ஒழிந்துவிடவில்லை. தெற்குப் பகுதிகளில் வசந்த காலம் தொடங்கும்போது ஈக்கள் முந்திக்கொண்டன, வண்டுகள் பிந்திவிட்டன. அதனால் பின்னாளில் பிரான்ஸ், ஸ்பெயின் நாடுகளிலிருந்து வசந்தத்தில் வேலை செய்யும் வண்டுகளையும் தேடிப் பிடித்து வந்தார்கள்.

வண்டுக் கதையிலேயே மூழ்கிவிட்டேன். இதே நிறுவனம் செய்த இன்னொரு வேலை உங்கள் வீட்டு வைஃபையிலும் இருக்கிறது. ரேடியோ அலைகள் அறைச் சுவர்களில் பட்டுத் தெறித்து, ஒன்றன்மேல் ஒன்றாக வந்து குழப்பும். காலியான பெரிய மண்டபத்தில் தலைமை ஆசிரியர் மைக்கில் பேசினால், எதிரொலி மோதி ஒரு சொல்லும் விளங்காதே, அப்படித்தான். மெதுவாக, இடைவெளி விட்டுப் பேசினால் விளங்கும். சைரோவின் ஜான் ஓ’சல்லிவனும் குழுவினரும் அந்த வழியைத்தான் பிடித்தார்கள். வேகமான ஒரே செய்தியைப் பல மெதுவான இழைகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் அனுப்பினார்கள். வேகமும் குறையவில்லை, குழப்பமும் இல்லை. 1996-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஓ’சல்லிவன் முதலில் வானில் வெடிக்கும் குட்டிக் கருந்துளைகளின் ரேடியோ அலையைத் தேடியவர். அது கிடைக்கவில்லை. தேடும்போது பழகிய கணக்கு இங்கே கைகொடுத்தது.

சைரோவிடம் பார்க்ஸ் என்ற ரேடியோ தொலைநோக்கியும் இருக்கிறது. அதன் வட்டில் 64 மீட்டர் அகலம். 1969-இல் மனிதன் நிலவில் நடந்த படங்களை வாங்கி உலகத்துக்குக் காட்டியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதைப் பற்றி இன்னொரு நாள் விரிவாகப் பேசலாம்.

அதுவரை உங்களுக்கு ஒரு வேலை. மழை பெய்த மறுநாள், மாடு மேயும் இடத்துக்குப் பெரியவர் யாரையாவது அழைத்துக்கொண்டு போங்கள். ஒரு சாணியைக் குச்சியால் மெல்லப் புரட்டுங்கள். எத்தனை வகை வண்டுகள்? எது உருட்டுகிறது, எது குழி தோண்டுகிறது? படம் வரைந்து எனக்கு அனுப்புங்கள். வரைவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள், என்ன?