பெட்டை நாய்க்குட்டிக்குக் கருத்தடை: தக்க காலம் எது?

நெல்வயலும் மரக்கறித் தோட்டமும் உள்ள வீட்டிற்கு நாய் ஒரு காவலாள். இரவில் வேலியைப் பிரித்து நுழையும் கட்டாக்காலி மாட்டையும் ஆட்டையும் முதலில் அறிந்து குரைப்பது அதுவே. ஆயினும் காவலுக்கென வளர்க்கப்படுவது பெட்டைக்குட்டியாயின், சில மாதங்களுள் ஒரு வினா எழுகின்றது. அதற்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சையை எப்பொழுது செய்விப்பது என்பதே அவ்வினா. புங்குடுதீவு மடத்துவெளியிலும் அயற்றீவுகளிலும் உள்ள கமக்காரர் இதனை நன்கு ஆராய்ந்து, காலம் தவறாது முடிவு செய்தல் வேண்டும்.

காலக் கணக்கு

பெட்டைநாய் பெரும்பாலும் 6 முதல் 12 மாத வயதினுள் முதன்முறையாக வேட்கை கொள்கின்றது. ஊர்நாய்களில் இது ஆறாம் ஏழாம் மாதத்திலேயே நிகழ்தல் கூடும். பெண்குறி வீங்குதல், இரத்தம் கசிதல், கடுவன் நாய்கள் வாசலில் வந்து கூடுதல் என்பன இதன் அறிகுறிகளாம். வேட்கை ஏறக்குறைய மூன்று வாரம் நீடிக்கும். கருப்பகாலம் ஏறக்குறைய 63 நாள். எனவே, ஏழாம் மாதத்தில் கருத்தரிக்கும் குட்டி, ஒன்பதாம் மாதத்தில் தானே ஐந்தாறு குட்டிகளுக்குத் தாயாகிவிடும். அதன்பின் ஏறக்குறைய ஆறேழு மாதங்களுக்கு ஒருமுறை வேட்கை மீண்டும் வரும்.

இக்குட்டிகளுக்கெல்லாம் வீடு கிடைப்பதில்லை. சந்தையடியிலும் கோயில் வீதியிலும் கடற்கரையிலும் விடப்படுபவற்றுள் பல பட்டினியால் மடியும். எஞ்சியவை கூட்டமாய்த் திரிந்து ஆட்டுக்குட்டிகளையும் கோழிகளையும் பிடிக்கப் பழகும். ஒரு வீட்டின் கவனக்குறைவினால் அயலவர் பட்டிக்கு நட்டம் உண்டாகின்றது.

ஊர்நாய்க்கு உகந்த வயது

இச்சத்திரசிகிச்சையில் நாயை மயக்கி, சூலகங்களையும் பொதுவாகக் கருப்பையையும் அகற்றிவிடுவர். சிறிய, நடுத்தர உடலுடைய ஊர்நாய்க்கு ஐந்து மாதம் நிறைந்து ஆறு மாதம் முடிவதற்குள், அதாவது முதல் வேட்கைக்கு முன், இதனைச் செய்வித்தல் நன்று. அவ்வயதில் இரத்தக்குழாய்கள் சிறியன, கொழுப்பும் குறைவு. ஆதலால் வேலை எளிது. புண்ணும் விரைவில் ஆறும்.

நோய்த்தடுப்பிலும் இதனால் நன்மையுண்டு. கருத்தடை செய்யப்படாத நாய் வயது முதிருங்கால், கருப்பையிற் சீழ்கட்டி உயிரிழக்க நேரலாம். சுவீடனில் நாய்களை ஆராய்ந்தபோது, பத்து வயதினுள் ஏறக்குறைய நான்கிலொரு பெட்டைநாய்க்கு இந்நோய் கண்டது. சத்திரசிகிச்சை இதனைத் தடுக்கின்றது. முலைக்கட்டியைப் பற்றி 1969 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, கருத்தடை செய்யப்படாத நாயின் ஆபத்தை 100 எனக் கொண்டால், முதல் வேட்கைக்கு முன் செய்ததற்கு 0.5, ஒரு வேட்கைக்குப்பின் செய்ததற்கு 8, இரண்டுக்குப்பின் செய்ததற்கு 26 எனக் கூறிற்று. 2012 இல் இத்தகைய ஆய்வுகளை மீளாய்ந்தோர், அவற்றின் சான்று உறுதியானதன்று என்றனர். எனவே இவ்வெண்களை முடிந்த முடிபாகக் கொள்ளாது, முந்திச் செய்தற்குரிய காரணங்களுள் ஒன்றாக மட்டுங் கொள்க.

பொறுக்கவேண்டிய நாய்கள்

அல்சேஷன், றொட்வைலர், லாப்ரடோர் போன்ற பெரிய இன நாய்களுக்கு இவ்விதி பொருந்தாது. எலும்பு வளர்ச்சி முடியுமுன் சூலகங்களை அகற்றினால், அவற்றுள் சிலவற்றில் மூட்டுநோய்கள் மிகுதல் அமெரிக்க ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. பருத்த உடலுடைய நாய்களில் பிற்காலத்தில் சிறுநீர் தானே ஒழுகும் குறையும் சில வேளை தோன்றும். இவற்றுக்கு ஒரு வயது கடக்கும்வரையும், சில இனங்களில் இரண்டு வயது வரையும் பொறுத்தல் நன்று. வைத்தியரே நாயைப் பார்த்து வயதைக் குறிப்பார். ஆனால் அதுவரை ஒவ்வொரு வேட்கையிலும் மூன்று வாரம் உறுதியான கூட்டிலோ அறையிலோ அடைத்துவைக்க இயலவேண்டும். கிடுகுவேலி கடுவன் நாயைத் தடுக்காது. அடைத்துவைக்க வசதியில்லாதவர் வைத்தியருடன் கலந்து முந்திச் செய்வித்தலே மேல்.

இரு தவறான எண்ணங்கள்

'ஒரு முறையேனும் குட்டி ஈன்றாற்றான் நாய்க்குச் சுகம்' என்பர் சிலர். முதல் ஈற்றினால் நாயின் உடலுக்கு நன்மையேதும் இல்லை. 'கருத்தடை செய்த நாய் காவல் காவாது' என்பது மற்றொன்று. பெட்டைநாயின் குரைப்பும் வீட்டுப்பற்றும் சூலகத்தைச் சார்ந்தன அல்ல. வேட்கைக்காலத்தில் வேலி தாண்டி அலையாத நாய் தோட்டத்திலேயே தங்கும். சிகிச்சையின்பின் உடல் பருக்கும் இயல்பு உண்டு. ஆதலால், வளர்ச்சி முடிந்த நாய் பருப்பதைக் கண்டால் தீனியைச் சிறிது குறைத்தல் போதுமானது.

சத்திரசிகிச்சைக்குப் பதிலாக ஓமோன் ஊசியை நாடுவோரும் உளர். அவ்வூசி கருப்பையிற் சீழ்கட்டுவதற்கும் முலைக்கட்டிக்கும் இடந்தரக்கூடியது. வைத்தியரைக் கேளாது அதனைப் போடுவித்தல் ஆகாது.

மழையும் கமவேலையும்

தீவகத்தில் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழைக்காலம். காலபோக நெல்லின் வேலையும் அப்போதுதான் மிகுதி. மாசியிற் பிறந்த குட்டிக்கு ஆவணியில் ஆறு மாதம் நிறையும், மழைக்குமுன் செய்வித்துவிடலாம். வைகாசியிற் பிறந்த குட்டிக்கு ஐப்பசியில் ஐந்து மாதம் நிறைகின்றது. 'அறுவடை முடியட்டும்' என்று தை வரை பொறுத்தால் வயது எட்டு மாதமாகி, முதல் வேட்கை முந்திவிடக்கூடும். எனவே மழையைக் காரணங்காட்டி ஒத்திவையாது, பத்து நாள் சேறுபடாதிருக்கத் தாழ்வாரத்தில் உலர்ந்த இடமொன்றை ஆயத்தஞ் செய்தல் வேண்டும். நயினாதீவிலும் நெடுந்தீவிலும் இருந்து நாயைப் படகிற் கொண்டுவர வேண்டியவர்கள், கடல் கொந்தளிக்குமுன் நாட்குறித்துக்கொள்வது நன்று.

காலந் தவறினால்

வேட்கை தொடங்கிவிட்டால் கருப்பைக்கு இரத்தவோட்டம் மிகுந்திருக்கும். அதனால் வேட்கை முடிந்து இரண்டு மூன்று மாதம் சென்றபின் செய்வித்தல் பாதுகாப்பானது. குட்டி ஈன்றிருந்தால், குட்டிகள் பால்மறந்து, முலை வற்றும் வரை பொறுக்க. அடுத்த வேட்கைக்கு முன் முடிப்பதே குறிக்கோள். கடுவனுடன் சேர்ந்துவிட்ட நாயைப்பற்றி உடனே வைத்தியரிடம் அறிவித்தல் வேண்டும்.

முன்னும் பின்னும்

பூச்சிமருந்து கொடுத்து உடல்நலம் உறுதியான குட்டியையே கொண்டுசெல்க. எத்தனை மணிநேரம் உணவு நிறுத்துவது என்பதை வைத்தியரிடம் கேட்டறிக. இளங்குட்டிகளை நெடுநேரம் பட்டினி வைத்தல் தீது. சிகிச்சையின்பின் 10 முதல் 14 நாள் ஓடவும் பாயவும் விடாது, நாளும் புண்ணைப் பார்க்க. நாய் தையலை நக்காதிருக்கக் கழுத்துக்காப்பு இடுக. வீக்கம், நாற்றம், இரத்தக்கசிவு, தீனி மறுத்தல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் தாமதியாது வைத்தியரிடம் செல்க.

விசர்நோய்த் தடுப்பு

கருத்தடை மட்டும் போதாது. இலங்கையில் 1973 இல் விசர்நோயால் 377 பேர் இறந்தனர். அண்மைய ஆண்டுகளில் அத்தொகை ஐம்பதுக்கும் கீழாக இறங்கியுள்ளது. நாய்களுக்குத் தடுப்பூசி போட்டதும் கடியுண்டோர்க்கு உரிய சிகிச்சை கிடைத்ததுமே இதற்குக் காரணங்கள். தெருநாய்களைக் கொல்லும் வழக்கம் 2006 இல் அரசின் கொள்கையாக நிறுத்தப்பட்டது. அன்றுதொட்டுத் தடுப்பூசியும் கருத்தடையுமே நாம் நம்பும் வழிகள். ஓரூர் நாய்களுள் நூற்றுக்கு 70 தடுப்பூசி பெற்றிருந்தால் நோய் பரவாது தடைப்படும் என உலக சுகாதார நிறுவனம் கொள்கின்றது. தடுப்பூசி பெறாத புதுக்குட்டிகள் மிகுந்துகொண்டே போனால் அவ்வளவை எட்டுதல் அரிது. குட்டிக்கு மூன்று மாதத்தில் தடுப்பூசி போட்டு ஆண்டுதோறும் புதுப்பிக்க.

குட்டி வீட்டிற்கு வந்த நாளைச் சுவர்க் கலண்டரிற் குறித்து, அதன் வயது நான்கு மாதமாகும்பொழுதே பிரதேசத்து அரசினர் கால்நடை வைத்திய அலுவலகத்தில் நாட்குறித்துக்கொள்ளல் வேண்டும். ஒரு மாத முன்யோசனை, ஓர் ஈற்றுக் குட்டிகளின் துன்பத்தைத் தவிர்க்கும்.