கடையை மூடும் முன் பார்ட்னர்களிடம் சொல்லிவிட்டீர்களா?

ஒரு வெப்சைட்டை எப்படித் தொடங்குவது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எப்படி மூடுவது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. இன்றைக்கு அதில் ஒரு சின்னப் பகுதியைப் பற்றிப் பேசலாம். உங்களுக்கு விற்றுக்கொடுத்த அஃபிலியேட் பார்ட்னர்களுக்கு எப்போது, எப்படிச் சொல்வது?

அஃபிலியேட் என்றால் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. உங்கள் பொருளைப் பற்றி ஒருவர் தன் சேனலில் சொல்கிறார், கீழே ஒரு லிங்க் கொடுக்கிறார். அந்த லிங்க் வழியாக யாராவது வாங்கினால் அவருக்குக் கமிஷன். அவ்வளவுதான்.

முதலில் நானும் அந்தப் பக்கம்தான் இருந்தேன். ஆன்லைன் வகுப்பு விற்கும் ஒரு தளத்துக்கு லிங்க் போட்டிருந்தேன். ஒருநாள் காலையில் ஒருவர், "அண்ணா, நீங்க சொன்ன சைட் திறக்கவே மாட்டேங்குது" என்று மெசேஜ் அனுப்பினார். போய்ப் பார்த்தால் தளம் இல்லை, டாஷ்போர்டும் இல்லை. வரவேண்டிய கமிஷன் நாலாயிரத்துச் சொச்சம். பணம் போனதுகூடப் பரவாயில்லை. "உங்களை நம்பித்தானே வாங்கினேன்" என்று நாலு பேர் கேட்டார்கள் பாருங்கள், அதற்கு என்னிடம் பதிலே இல்லை.

பிறகு நானே ஒரு கடை போட்டேன். ப்ளவுஸ், சுடிதார் கட்டிங் வரைபடங்களை பிடிஎஃப் ஆக விற்கும் தளம். மொத்தம் 37 பார்ட்னர்கள், பெரும்பாலும் தையல் சொல்லித்தரும் சேனல்காரர்கள். ஐந்து வருடம் ஓடியது. இனி முடியாது என்று ஆனபோது, ஒரு மாதம் முன்னால் சொன்னால் போதும் என்றுதான் நினைத்தேன். ஈரோட்டில் வகுப்பு நடத்தும் ஒரு அக்காவுக்கு முதலில் போன் செய்தேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, 140 வீடியோவுக்குக் கீழே உங்க லிங்க் இருக்கு. ஒவ்வொண்ணா மாத்தணும். நோட்டுல வேற க்யூஆர் கோடு அச்சடிச்சுக் கொடுத்திருக்கேன். அதை எப்படி மாத்துறது?" என்று மட்டும் கேட்டார்.

அப்போதுதான் உறைத்தது. கடை என்னுடையது, ஆனால் லிங்க் இருப்பது அவர்கள் வீட்டில். நான் மூடினால் என் வேலை முடிந்துவிடும், அவர்களுடைய வேலை அன்றைக்குத்தான் தொடங்கும். நோட்டீஸ் என்பது வெறும் மரியாதைக்காக அல்ல. அந்த வேலைக்கு நாம் கொடுக்கும் நேரம் அது.

எத்தனை நாள் கொடுக்கலாம்?

இதற்குச் சட்டம்போல ஒரு எண் கிடையாது. முதலில் உங்கள் ஒப்பந்தத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். அதைவிடக் குறைக்காதீர்கள், கூட்டலாம். பெரிய நிறுவனங்கள் இரண்டு விதமாகவும் நடந்திருக்கின்றன. கூகுள் தன் அஃபிலியேட் நெட்வொர்க்கை மூடப்போவதாக 2013 ஏப்ரலில் அறிவித்தது. ஜூலை 31 வரை சம்பாதிக்கலாம், விற்பனைகள் உறுதியாக ஆக அதன் பிறகும் பணம் வரும் என்றது. மூன்று மாதத்துக்கு மேல் நேரம் கிடைத்தது. அமேசான் 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் பல பிரிவுகளின் கமிஷனைக் குறைத்தது. பர்னிச்சருக்கு 8 சதவீதம் 3 ஆனது. அது மூடல் அல்ல, குறைப்புதான். ஆனாலும் அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவே இருந்தது ஒரே வாரம்.

நான் தேதிகளைப் பின்னாலிருந்து எண்ணினேன். செப்டம்பர் 1-இல் கடிதம், அன்றே புதிய பார்ட்னர் சேர்க்கை நிறுத்தம். நவம்பர் 30 கடைசி விற்பனை. என் தளத்தில் ரீஃபண்டுக்கு 15 நாள், அதனால் டிசம்பர் 15-க்குப் பிறகுதான் கணக்கு முடியும். டிசம்பர் 20-இல் கடைசிப் பணம். வருமான வரிக் கணக்குக்குத் தேவைப்படும் என்பதால் டாஷ்போர்டு மட்டும் மார்ச் 31 வரை. டிடிஎஸ் பிடித்திருந்தால் அதற்கான சான்றிதழையும் மறக்காமல் கொடுத்துவிடுங்கள்.

பலரும் தவறுகிற மூன்று இடங்கள்

ஒன்று, குறைந்தபட்சத் தொகை. ஆயிரம் ரூபாய் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவோம் என்று விதி வைத்திருப்போம். மூடும்போது அந்த விதியைத் தூக்கிவிட வேண்டும். 180 ரூபாய் இருந்தாலும் அது அவர் காசு. இனி ஆயிரம் சேர வழியே இல்லையே!

இரண்டு, கடைசித் தள்ளுபடி. மூடும்போது பாதி விலை என்று போட்டால் கூட்டம் வரும். சிலர் கமிஷனை முதலில் நிறுத்திவிட்டு, அடுத்த நாள் தள்ளுபடியை அறிவிப்பார்கள். பார்ட்னர் அனுப்பிய ஆட்கள் வாங்குவார்கள், பார்ட்னருக்கு ஒன்றும் வராது. இது ஏமாற்றுதான், வேறு பெயர் இல்லை. கடைசி விற்பனை நாள் வரை கமிஷன் ஓடட்டும்.

மூன்று, டொமைன். புதுப்பிக்காமல் விட்டால் கொஞ்ச நாளில் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பிறகு அந்த அக்காவின் நோட்டில் இருக்கும் க்யூஆர் கோடு ஏதோ சூதாட்டத் தளத்தில் போய் நிற்கும். நான் டொமைனை மூன்று வருடத்துக்குப் புதுப்பித்தேன். ஒவ்வொரு பார்ட்னர் லிங்கிலும் அவரவர் எண் இருக்கும் இல்லையா? அதனால் "உங்கள் லிங்க் இனி எங்கே போகவேண்டும்?" என்று தனித்தனியாகக் கேட்டேன். ஈரோட்டு அக்கா தன் வகுப்புப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தார். திருப்பிவிட்டேன். அச்சடித்த நோட்டு வீணாகவில்லை.

கடிதத்தில் என்ன எழுதுவது?

நீளமாக வேண்டாம். மூடுகிறோம் என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். "சில மாற்றங்கள் வரவிருக்கின்றன" என்று சுற்றி வளைக்காதீர்கள். அடுத்து தேதிகள். அவருக்கு இன்றைய தேதியில் எவ்வளவு பாக்கி என்பதைத் தொகையாகவே எழுதுங்கள். அவருடைய லிங்குகளின் பட்டியலையும், சந்தேகம் கேட்க ஒரு போன் எண்ணையும் சேருங்கள். வாடிக்கையாளருக்குச் சொல்வதற்கு ஒரு வாரம் முன்பாவது இது போய்விட வேண்டும். தன் சேனலைப் பார்ப்பவர்கள் சொல்லித்தான் பார்ட்னருக்கே விஷயம் தெரியவந்தது என்றால், அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நஷ்டத்தில் மூடுகிறவர்களுக்கு இதெல்லாம் பாரமாகத் தெரியலாம். முழுப் பணமும் கையில் இல்லை என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தவணை கேளுங்கள். நேரில் சொன்னால் ஒத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

அந்த 37 பேரில் ஆறு பேர் இன்றைக்கு என் புதிய வேலையிலும் கூட இருக்கிறார்கள்.