குற்றமற்றவருக்கும் வக்கீல் வேண்டுமா?

"மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்?" காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால் நம் வணிகர்களில் பெரும்பாலோர் இந்த ஒரு பழமொழியைத் துணைக்கு வைத்துக்கொண்டு தனியாகப் போய்விடுகிறார்கள். "தப்புச் செய்தவன்தான் வக்கீலைத் தேடுவான், நமக்கு எதற்கு? வக்கீலோடு போய் நின்றால் இல்லாத சந்தேகமும் வந்துவிடாதா?" என்பது அவர்கள் கேள்வி.

கேள்வி நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் தப்புச் செய்தவனுக்கு எதைச் சொல்லக் கூடாது என்பது தெரியும். தப்புச் செய்யாதவருக்குத்தான் தம் பேச்சில் எந்தச் சொல் தமக்கு எதிராகத் திரும்பும் என்பது தெரியாது. ஆகவே இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஐந்து பண்டல் சிகரெட்

மளிகைக் கடைக்காரர் ஒருவர். நாணயமானவர். ஒரு நாள் மாலை, லைன் வண்டியில் முன்பு வேலை பார்த்த பழக்கமுள்ள ஆள் ஒருவன் ஐந்து பண்டல் சிகரெட்டோடு வருகிறான். தன் மைத்துனன் பெட்டிக்கடையை மூடிவிட்டதாகவும், மீதிச் சரக்கைத் தள்ளிவிட வேண்டும் என்றும் சொல்கிறான். விலை சற்றுக் குறைவு. கடைக்காரர் பணத்தைக் கொடுத்து வாங்கிவிடுகிறார். இருபது நாள் கழித்துப் போலீஸார் அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு கடை வாசலில் வந்து நிற்கிறார்கள். பக்கத்து ஊரில் ஒரு கடையின் பூட்டை உடைத்து எடுத்த சரக்கு அது.

காவல் நிலையத்தில் கடைக்காரர் உள்ளதை உள்ளபடி சொல்கிறார்: "விலை மலிவாக இருந்தது. பில் இல்லை என்றான். பரவாயில்லை என்று வாங்கிப் போட்டேன்." இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவுப்படி, திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினால் மட்டும் குற்றம் என்பதில்லை. அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தும் வாங்கினால் அதுவும் குற்றமே. 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது 411-ஆவது பிரிவு.) மலிவு விலை, பில் இல்லை, பரவாயில்லை என்ற மூன்று சொற்களும் சேர்ந்து அந்தக் 'காரணத்தை' அவர் வாயாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டன. சாட்சியாக நிற்க வேண்டியவர் எதிரிகள் பட்டியலுக்கு நகர்கிறார்.

அவர் சொல்லாமல் விட்டவற்றைப் பாருங்கள். அந்த ஆள் மூன்று ஆண்டாகத் தமக்கு லைன் வண்டியில் சரக்கு இறக்கியவன். குறைந்த விலை என்பது கடையை மூடுகிறவர் தள்ளிக் கொடுக்கும் வழக்கமான விலைதான். பணத்தைக் கைக்குக் கை கொடுக்காமல் அவன் செல்போன் எண்ணுக்கே அனுப்பியிருக்கிறார். சரக்கை மறைத்து வைக்காமல் முன் அலமாரியில் அடுக்கி விற்றிருக்கிறார். இவை எல்லாம் அவர் நல்லெண்ணத்துக்குச் சாட்சிகள். பதற்றத்தில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வந்தாலும் அது முக்கியம் என்று அவருக்குத் தெரியவில்லை.

வக்கீல் செய்யும் வேலை இதுதான். அவர் பொய் சொல்லிக் கொடுக்க வருவதில்லை. பாதி உண்மை மட்டும் பதிவாகி நிற்காமல் முழு உண்மையும், அதற்குரிய கணக்கும் ரசீதும் சேர்ந்து பதிவாக வேண்டும் என்பதற்காக வருகிறார்.

சட்டம் தரும் பாதுகாப்பு

குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவு. கைதானவர் தாம் விரும்பும் வக்கீலைக் கலந்துகொள்ளும் உரிமையை மறுக்கக் கூடாது என்கிறது 22(1) பிரிவு. இவற்றில் எதுவும் 'குற்றவாளிக்கு' என்று எழுதப்பட்டதல்ல. 1978-இல் ஒரிசாவின் முன்னாள் முதலமைச்சர் நந்தினி சத்பதி வழக்கில், விசாரணைக் கட்டத்திலேயே இந்தப் பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. முதலமைச்சராக இருந்தவருக்கே தேவைப்பட்ட பாதுகாப்பு நமக்கு வேண்டாம் என்று சொல்வதற்கில்லை.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்துள்ளது. பிரிவு எண்கள் மாறினாலும் நமக்குரிய பாதுகாப்புகள் பெரும்பாலும் அப்படியே தொடர்கின்றன. கடைக்காரர்கள் அறிய வேண்டியவை இவை:

1. சாட்சியாக விசாரிக்க அழைப்பதானால் எழுத்து மூலம் அழைக்க வேண்டும் (பிரிவு 179). பெண்களையும், 60 வயதைக் கடந்தவர்களையும், கடும் நோயுற்றவர்களையும் அவர்கள் வசிக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும். தாமே விரும்பினால் மட்டும் நிலையத்துக்குப் போகலாம். நம் கடைகளில் கல்லாவில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் பலர் இந்த வயதினரே.

2. விசாரணையில் கேட்பதற்கு உண்மையாகப் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் நம்மைக் குற்றத்தில் சிக்க வைக்கக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லக் கடமை இல்லை (பிரிவு 180). எது அப்படிப்பட்ட கேள்வி என்று இனம் காண்பதற்குத்தான் வக்கீல் வேண்டும்.

3. விசாரணையில் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் நம் கையெழுத்தை வாங்கக் கூடாது (பிரிவு 181). வெற்றுத்தாளில் கையெழுத்து என்றால் சொல்லவே வேண்டியதில்லை.

4. நம் மீதே புகார் இருந்து, கைது அவசியமில்லாத நிலையில், 35(3) பிரிவின்படி நோட்டீஸ் கொடுத்து அழைப்பார்கள். அதன்படி ஆஜராகி வருபவரை, காரணத்தைப் பதிவு செய்யாமல் கைது செய்யக் கூடாது. 7 ஆண்டு வரை தண்டனை உள்ள வழக்குகளில் எடுத்ததும் கைது என்ற போக்கு கூடாது என்று 2014-இல் அர்னேஷ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் நோட்டீஸை அலட்சியம் செய்து வீட்டில் இருந்துவிட்டால் அதுவே கைதுக்கு வழியாகும்.

இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது என்றும் 2025-இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. வீடியோ அழைப்பில் காக்கிச் சட்டையோடு தோன்றி "உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், பணம் அனுப்புங்கள்" என்பவன் மோசடிக்காரன். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை.

"போலீஸிடம் சொன்னது கோர்ட்டில் செல்லாதாமே?"

இப்படியும் சிலர் கேட்கிறார்கள். போலீஸாரிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியம் ஆகாது என்பது உண்மையே. ஆனால் அதைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அது தொடர்பான பகுதி மட்டும் சாட்சியமாகும் (பாரதிய சாக்ஷ்ய அதினியம், பிரிவு 23). 'ரெக்கவரி' என்று பேச்சு வழக்கில் சொல்வது இதைத்தான். திருடன் காட்டிய கடை நம் கடையாக இருந்தால் அந்த மகஜரில் எழுதப்படும் எண்ணிக்கை, எடை, இடம் ஒவ்வொன்றும் முக்கியம். நம்முடைய சொந்தக் கொள்முதல் சரக்கும் சேர்த்து அள்ளப்படுவதுண்டு. பில்லைக் காட்டி அதை அப்போதே பிரித்துச் சொல்ல வேண்டும். பட்டியலின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். இப்போது சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது (பிரிவு 105).

தவிர, கோர்ட்டில் செல்லாது என்பதை நிரூபிக்கக் கோர்ட் வரை போக வேண்டும். வாய்தாவுக்கு வாய்தா கடையைப் பூட்டிவிட்டு நிற்கும் நஷ்டத்தை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது.

எப்போது வேண்டாம்? எப்போது வேண்டும்?

எல்லாவற்றுக்கும் வக்கீலைத் தேடி ஓட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நம் கடையில் திருட்டு நடந்து புகார் கொடுக்கப் போகும்போது அவசியமில்லை. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்கினால் போதும். தெருவில் நடந்த விபத்துக்காக நம் கடைக் கேமராப் பதிவைக் கேட்டால் கொடுத்து உதவுவது நம் கடமை. பெட்டியையே எடுத்துச் சென்றால் ஒப்புதல் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இரவு ரோந்து வரும் காவலர்களால்தான் கடைத்தெரு நிம்மதியாகத் தூங்குகிறது என்பதையும் நாம் மறப்பதற்கில்லை.

ஆனால் பின்வரும் நிலைகளில் வக்கீலிடம் பேசாமல் நிலையத்துக்குள் கால் வைக்கக் கூடாது: நம் சரக்கு கைப்பற்றப்படும்போது, 35(3) நோட்டீஸ் வரும்போது, எதிலாவது கையெழுத்துக் கேட்கும்போது, வாடிக்கையாளரோடோ பணியாளரோடோ ஏற்பட்ட தகராறில் நம் மீதும் புகார் வந்திருக்கும்போது, "சும்மா ஒரு என்கொயரி" என்று காரணம் சொல்லாமல் திரும்பத் திரும்ப அழைக்கும்போது. கைது நடக்கும் என்ற நியாயமான அச்சம் இருந்தால் 482-ஆவது பிரிவின் கீழ் முன்ஜாமீன் கேட்கலாம். அதற்கும் காலம் கடத்தாமல் போக வேண்டும்.

வங்கிக் கணக்கு முடக்கம் என்பது அண்மைக் காலத்தில் சேர்ந்த தொல்லை. எங்கோ மோசடி செய்தவன் நம் கடையில் அரிசி மூட்டை வாங்கி, அந்தப் பணத்தைச் செல்போன் மூலம் செலுத்திவிடுகிறான். வெளிமாநிலப் போலீஸாரின் கடிதத்தால் நம் கணக்கு நின்றுபோகிறது. நாம் செய்த குற்றம் வியாபாரம் செய்ததுதான். எந்த நிலையம், எந்தப் புகார் எண், எவ்வளவு தொகை என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டுப் பெற்று, அந்த விற்பனையின் பில்லோடு வக்கீல் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். தேவையானால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தை அணுகலாம். சந்தேகத் தொகை இவ்வளவு என்று குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் முடக்கியதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் ஏற்கவில்லை.

கைது என்று வந்துவிட்டால்

1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகள் இன்று சட்டத்திலேயே இடம்பெற்றுள்ளன. கைதுக் குறிப்பில் தேதியும் நேரமும் இருக்க வேண்டும். குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும். மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கைதுக்கான காரணத்தை அவருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. விசாரணை முழுவதும் வக்கீல் உடன் இருக்க முடியாது. ஆயினும் விசாரணையின் இடையே அவரைச் சந்திக்கும் உரிமை உண்டு (பிரிவு 38).

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ண வேண்டாம். 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்தைக் கடந்து செல்போன் கடையைத் திறந்து வைத்ததாகச் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். கோவில்பட்டிக் கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்ட இருவரும் சில நாட்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்தது. சி.பி.ஐ. விசாரித்துக் காவலர்கள் மீது கொலைக் குற்றம் சாட்டியது. அவர்களும் நம்மைப் போலக் கடை வைத்துப் பிழைத்தவர்களே. வக்கீல் ஒருவர் இருந்துவிட்டால் எந்தத் தீங்கும் நேராது என்று நாம் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் ரிமாண்டு நேரத்தில் மாஜிஸ்திரேட் முன் நின்று, "ஐயா, இவர் உடம்பில் காயம் இருக்கிறது, பாருங்கள்" என்று சொல்ல ஒரு குரல் வேண்டும். பயந்து நிற்பவரால் அது முடியாது.

இன்றே செய்ய வேண்டியது

காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால் சங்க நிர்வாகிகளை அழைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது தொடரட்டும். ஆனால் சங்கச் செயலாளர் வக்கீல் அல்லர். "எனக்கு இன்ஸ்பெக்டரைத் தெரியும், இவ்வளவு கொடுத்தால் முடித்துவிடலாம்" என்று நடுவில் வரும் ஆளும் வக்கீல் அல்லர். அவருக்குக் கொடுப்பதில் ஒரு பகுதிதான் நல்ல வக்கீலின் கட்டணம். வக்கீலோடு போகும்போதும் பணிவாகப் பேசுவோம். "நான் ஒத்துழைக்கிறேன், என் வக்கீலைக் கலந்துகொண்டு பதில் சொல்கிறேன்" என்பது மரியாதைக் குறைவான பேச்சல்ல.

வசதியில்லாதவர்கள் வட்ட, மாவட்டச் சட்டப்பணிகள் குழுக்களை நாடலாம். பெண்களுக்கும், பட்டியல் வகுப்பினருக்கும், காவலில் உள்ளவர்களுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

நல்ல காலத்திலேயே ஒரு வக்கீலைப் பேசி வைத்து, அவர் எண்ணைக் கல்லாப்பெட்டிக்கு மேல் எழுதி ஒட்டுங்கள். வீட்டுப் பெண்களுக்கும் கடைப் பையன்களுக்கும் அந்த எண் தெரிந்திருக்கட்டும். அழைப்பு வரும்போது நாம் கடையில் இருப்போமோ இல்லையோ, அவர்கள் இருப்பார்கள். பில் இல்லாத சரக்கை மலிவு என்று வாங்காதீர்கள்.

கடைக்குத் தீ விபத்துக் காப்பீடு எடுக்கிறோம். கொளுத்தப் போகிறவர் யாரும் அதை எடுப்பதில்லை. வக்கீலும் அதுபோலத்தான்.