பன்றி இருமியது, 105 உயிர் போனது!

கொசுவைத் துரத்தி ஏமாந்த மலேசியா

மலேசியாவில் பன்றிப் பண்ணைகளில் புகுந்த ஒரு புதிய விஷக்கிருமி 105 பேரைப் பலி வாங்கியது. அது என்ன கிருமி என்றே தெரியாமல், 5 மாதத்துக்கு மேல் கொசுவை விரட்டிக் கொண்டிருந்தார்கள். பிற்பாடு நம் பக்கத்துக் கேரளாவையும் நடுங்க வைத்த "நிப்பா" கிருமிதான் அது. முதன்முதலில் அது பிடிபட்ட விவரம் வருமாறு:-

1998 செப்டம்பர் மாதம். பேராக் மாநிலத்தில் ஈப்போ நகரை அடுத்த பன்றிப் பண்ணைகளில் வேலை பார்த்தவர்கள் திடீர் திடீர் என்று காய்ச்சலில் விழுந்தார்கள். தலைவலி மண்டையைப் பிளந்தது. பிறகு நினைவு தப்பியது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பலர் பிணமாகத்தான் வீடு திரும்பினார்கள்.

பண்ணை முதலாளிகள் பெரும்பாலும் சீனர்கள். கூலிக்கு இருந்தவர்களில் இந்திய வம்சாவளியினரும் உண்டு. நோய் முதலாளி, கூலி என்று பார்க்கவில்லை.

கொசு மீது பழி

"இது ஜப்பானிய மூளைக் காய்ச்சல்" என்று முடிவு கட்டினார்கள். அது பன்றியிடம் இருந்து கொசு மூலம் மனிதனுக்கு வருவது. சில நோயாளிகளின் ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான் சொன்னது. சர்க்கார் சும்மா இருக்குமா? கொசு மருந்துப் புகை அடித்தார்கள். தடுப்பூசி போட்டார்கள்.

சாவு நிற்கவில்லை. ஊசி போட்டுக் கொண்டவர்களும் படுத்தார்கள்.

தடயம் இல்லாமல் இல்லை. மூளைக் காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத்தான் தாக்கும். இங்கே விழுந்ததோ வாட்டசாட்டமான ஆண்கள். கொசு எல்லோரையும்தான் கடிக்கிறது. ஆனால் பன்றியைத் தொட்டு வேலை செய்தவனுக்கு மட்டும் நோய். பன்றி பக்கமே போகாத முஸ்லிம் குடும்பங்களுக்கு ஒன்றும் இல்லை!

பன்றிகளும் இருமின. சாதாரண இருமல் அல்ல, நாய் குரைப்பது போல, தூரத்தில் இருப்பவன் காதிலும் விழுகிற இருமல். சில தாய்ப்பன்றிகள் சுருண்டு விழுந்து செத்தன. மற்றவை பெரும்பாலும் தேறி விட்டன. அதனால்தான் யாரும் அதைப் பெரிசாக எடுத்துக் கொள்ளவில்லை.

லாரி ஏறிய நோய்

பீதி அடைந்த முதலாளிகள் பன்றிகளை வந்த விலைக்குத் தள்ளினார்கள். லாரிகள் தெற்கே நெகிரி செம்பிலான் மாநிலத்துக்கு ஓடின. நோயும் கூடவே சவாரி செய்தது. புக்கிட் பெலாண்டுக், சுங்கை நிப்பா பகுதிகளில் வீட்டுக்கு வீடு ஒப்பாரி. ஜனங்கள் கதவைப் பூட்டிக் கொண்டு ஓடினார்கள்.

1999 மார்ச்சில் சிங்கப்பூர் வரை போய்விட்டது. அங்கே பன்றி அறுக்கும் கூடத்தில் வேலை செய்த 11 பேருக்கு நோய். ஒருவர் இறந்தார்.

அதே மார்ச் மாதம்தான் உண்மைக் குற்றவாளி சிக்கியது. மலாயா பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் என்ற டாக்டர், சுங்கை நிப்பா ஊர் நோயாளி ஒருவரின் முதுகுத்தண்டு நீரில் இருந்து கிருமியைப் பிரித்தார். அமெரிக்காவுக்கே எடுத்துப் போய்ச் சோதித்தார். யாரும் அதுவரை பார்த்திராத புதுக் கிருமி! அந்த ஊர்ப் பெயரையே அதற்கு வைத்து விட்டார்கள். பாவம், ஊர் என்ன செய்யும்?

ராணுவம் வந்தது

பட்டாளத்தார் துப்பாக்கியோடு பண்ணைகளில் இறங்கினார்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொன்று புதைக்கப்பட்டன. நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பண்ணைகள் இழுத்து மூடப்பட்டன. நோய் கண்டவர்கள் மொத்தம் 265 பேர்.

பன்றிக்கு யார் கொடுத்தது? பழந்தின்னி வவ்வால்! கொட்டகைக்குப் பக்கத்திலேயே மாமரங்கள். வவ்வால் கடித்துப் போட்ட பழம் கீழே விழும், பன்றி தின்னும். பிறகு தியோமான் தீவில் வவ்வால்களின் சிறுநீரிலும், அவை கடித்த பழத்திலும் இதே கிருமியை எடுத்துக் காட்டினார் சுவா.

2018 மே மாதம் இது கோழிக்கோட்டுக்கு வந்தபோது நடுவில் பன்றி இல்லை. ஆஸ்பத்திரியிலேயே ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்குத் தொற்றியது. நோயாளியைக் கவனித்த நர்ஸ் லினியும் இறந்தார். மலேசியாவில் பெயர் தெரியவே மாதக் கணக்கானது. இங்கே ஒரே குடும்பத்தில் இரண்டாவது ஆள் விழுந்த சில நாளிலேயே மணிப்பால், புனே ஆய்வுக்கூடங்கள் "நிப்பா" என்று சொல்லி விட்டன. அப்படியும் 17 பேர் போய்விட்டார்கள்.