பண்ணை வீட்டுக் காவல் நாயும் அதற்கேற்ற வேலியும்

பண்ணை வீட்டிற்கு ஒரு பெரிய காவல் நாய் வேண்டுமென்று தீர்மானிக்கும் மிராசுதாரர், ராஜபாளையமா, கோம்பையா, சிப்பிப்பாறையா என்று பல நாள் விசாரிக்கிறார். குட்டியின் தாயைப் பார்த்துவர ஆளும் அனுப்புகிறார். வேலியைப் பற்றிய யோசனையோ, நாய் வெளியே பாய்ந்து அயலாரின் ஆட்டைக் கடித்த பிறகே பெரும்பாலும் உண்டாகிறது. அதன்பின் நாய்க்குச் சங்கிலி விழுகிறது. இரவும் பகலும் கட்டுண்டு கிடக்கும் நாயால் காவல் நடவாது. எட்டும் தூரத்தில் வருவோரையெல்லாம் கடிக்கும் குணம் மாத்திரம் அதற்கு ஏறும். ஆகையால், நாய் வந்து சேருமுன்பே வேலி முடிந்திருக்க வேண்டும். அவ்வேலியும் நாயின் சுபாவத்தைக் கண்டு தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும்.

முதலாவது, எவ்வளவு இடத்தை அடைப்பது என்பதை யோசிப்போம். நிலம் முழுவதையும் நாய்க்காக அடைக்க முயல்வது வீண் செலவு. சதுரமான ஓர் ஏக்கரைச் சுற்றிவர ஏறக்குறைய 835 அடி வேலி வேண்டும். 8 அடிக்கு ஒரு கல் வீதம் நட்டால் நூற்றுக்கு மேற்பட்ட கற்கள் செல்லும. வீடு, தொழுவம், தானிய அறை இவை அடங்கிய 10 சென்ட் முற்றத்தை மாத்திரம் அடைப்பதானால், அது 66 அடி பக்கமுள்ள ஒரு சதுரம்; நில அளவைச் சங்கிலி ஒன்றின் நீளம் அது என்பதைக் கிராம உத்தியோகஸ்தர்கள் அறிவார்கள். சுற்றளவு 264 அடி. கற்கள் 33 போதும். மிச்சப்படும் பணத்தை உயரத்திலும் உறுதியிலும் போடலாம். எல்லை வேலி முன்போல் கிளுவையாகவோ முட்கம்பியாகவோ இருக்கட்டும். தூரத்துக் கிணற்று மோட்டாருக்கு நாயின் குரைப்பே காவல். அது ஓடிச்சென்று பிடிக்க வேண்டுவதில்லை.

கொங்கு நாட்டுக் கொறங்காடுகளில் நாம் காணும் கிளுவை வேலி மாட்டிற்கும் ஆட்டிற்கும் மிகச் சிறந்தது. காவல் நாயை நிறுத்த அது தனித்து நின்று போதாது. எவ்வளவு அடர்ந்து வளர்ந்தாலும் அடிப்பாகத்தில் தூர்களுக்கிடையே சந்து விழும். நாயின் தலை நுழைந்த இடத்தில் உடலும் நுழைய வெகுநேரமாகாது. முட்கம்பியைப் பற்றி என் அபிப்பிராயம் இன்னும் கடுமையானது. இழைகளுக்கிடையே ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டும் வேலி, ஆத்திரத்துடன் பாயும் நாயைத் தடுப்பதில்லை. தோலைக் கிழித்து அனுப்புகிறது. அக்காயத்தில் ஈ மொய்த்துப் புழு வைத்தபின் வைத்தியச் செலவு வேறு. முற்றத்து வேலியில் முட்கம்பி கூடாது.

மண் சுவரோ செங்கற் சுவரோ வைக்க வசதியுள்ளவர்கள், பாதையை ஒட்டிய பக்கத்தில் சுவர் வைப்பது சிலாக்கியம். போவார் வருவாரையெல்லாம் பார்த்து வேலியோரமாக ஓடி ஓடிக் குரைக்கும் நாய் நாளடைவில் வெறிகொண்ட சுபாவத்தை அடைகிறது. கண்ணில் படாதபோது அமைதியாயிருக்கும். வயற்பக்கங்களில் வலைவேலியே ஏற்றது. அப்பக்கத்து நடமாட்டத்தை நாய் பார்க்க வேண்டும்; நாமும் பார்க்க வேண்டும்.

கம்பிவலை வாங்கும்போது ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை வேண்டும். கம்பியின் கனத்தைக் குறிக்கும் கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலிந்துகொண்டே போகும். 10 கேஜ் கம்பியின் குறுக்களவு 3.25 மில்லிமீட்டர், 14 கேஜ் கம்பியினது 2 மில்லிமீட்டரே. எண்ணில் நாலு வித்தியாசமாயினும், உள்ளிருக்கும் இரும்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு வித்தியாசப்படும். பெரிய எண் பெரிய சரக்கு என்று எண்ணி மெல்லிய வலையை வாங்கி வருவோர் பலர். பெரிய நாய்க்குத் துத்தநாகப் பூச்சுள்ள 10 கேஜ் வலை, 2 அங்குலக் கண்ணுடன் வேண்டும். நாற்புற மூலைக் கற்களுக்கும் உதைகால் கொடாவிட்டால், இழுத்துக் கட்டிய வலை ஒரே வருஷத்தில் தொய்ந்துவிடும்.

உயரம் 6 அடிக்குக் குறையலாகாது. ராஜபாளையம் நாய் தோளளவில் 26 முதல் 30 அங்குலம் வரை வளரும். ஆயினும் பாய்ச்சலில், வேட்டைக்கென்று வளர்ந்துவந்த கன்னி, சிப்பிப்பாறை இனங்களே அதிகக் கெட்டி. அவற்றிற்கு 5 அடி வேலி ஒரு பொருட்டன்று. இவற்றை வைத்திருப்போர், 6 அடிக்கு மேல் ஒன்றரை அடி வலையை உட்புறமாகச் சாய்த்துக் கட்டுவது நல்லது. நிலத்திற்குள் 2 அடி புதைய வேண்டுமாதலால் கல் 8 அடி நீளமிருக்க வேண்டும். வேலி எவ்வளவு உயரமாயினும், அதை ஒட்டி வைக்கோற்போரும் எருக்குவியலும் மாட்டு வண்டியும் நிற்குமானால், அவையே நாய்க்குப் படிக்கட்டு. எல்லாவற்றையும் வேலியிலிருந்து 8 அடியாவது தள்ளி வைக்க வேண்டும்.

மேலே தாண்டும் நாய்களைக் காட்டிலும் அடியில் தோண்டும் நாய்களே அதிகம். கோடையில் நாய் குளிர்ந்த மண்ணைத் தேடுகிறது. அதற்கு நம்மைப் போல உடல் முழுவதும் வேர்ப்பதில்லை. மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்கிறது. வாய்க்காலோரத்து ஈரம் வேலியடியில் இருக்குமானால் அங்கேதான் தோண்டும். முற்றத்தின் நடுவே வேம்போ புங்கோ நிழல் தர, அதனடியில் ஒரு தொட்டித் தண்ணீரும் இருக்குமானால் பாதித் தொந்தரவு தீரும். மீதிப் பாதிக்கு, வேலியை ஒட்டி உட்புறமாக ஒன்றரை அடி அகலத்தில் வலையைத் தரையில் படுக்கவிட்டு, மேற்கம்பி வேலியுடன் பிணைத்து, அரை அடி மண்ணும் கனத்த கற்களும் போட்டு மூட வேண்டும். நாய் வேலியின் அடியிலேயே தோண்டத் தொடங்கும் வழக்கமுடையது. நகம் வலையில் பட்டதும் அவ்விடத்தை விட்டுவிடும்.

எல்லாவற்றிலும் அதிகக் கவனம் வேண்டுவது வாசல். நல்ல வேலியிட்ட முற்றங்களிலும் நாய் வெளியேறுவது வாசல் வழியேதான். வைக்கோல் ஏற்றிய டிராக்டர் நுழையக் கதவைத் திறந்து ஒருவர் நிற்க, அவர் காலிடுக்கில் நாய் பாய்ந்துவிடும். வண்டி வாசல் வேறு, ஆள் வாசல் வேறு என்று அமைப்பதே இதற்குப் பரிகாரம். ஆள் வாசலுக்கு இரட்டைக் கதவு வைத்து, இரண்டுக்குமிடையே 6 அடி நீளமுள்ள சிறு கூண்டு விட வேண்டும். ஒரு கதவு சார்த்திய பிறகே மற்றது திறக்கப்பட வேண்டும். கதவு உட்புறமாகத் திறப்பதாயிருந்தால், நாய் மோதும்போது கதவு மேலும் இறுகும். கீழே கல்வாசற்படி பதித்து, இடைவெளி 2 அங்குலத்திற்கு மேற்படாமல் பார்த்துக்கொள்ளவும். கொண்டியும் நாதாங்கியும் போதுமென்று எண்ண வேண்டாம். மூக்கால் கொண்டியைத் தூக்கிவிடக் கற்கும் நாய்கள் உண்டு. குறுக்குத் தாழ்ப்பாளும் அதில் ஓர் ஆணியும் வேண்டும். பழைய படலை நாயின் வாசலுக்கு உபயோகிக்கலாகாது.

தபால்காரர், மின் கணக்கெடுப்பவர், தலையாரி ஆகியோர் நாயின் முற்றத்தில் கால் வையாமலே வீட்டாரை அழைக்கக் கூடிய வழி ஒன்று இருக்க வேண்டும். இரட்டைக் கதவுக்கு வெளியே ஒரு மணியும் தபால் பெட்டியும் இருந்தால் போதுமானது. ‘நாய் ஜாக்கிரதை’ என்ற பலகை நல்லதே. ஆனால் பந்தைத் தேடி வரும் எழுத்தறியாக் குழந்தையை அது தடுக்காது.

இதில் சட்டப் பொறுப்பும் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமுலிலிருக்கும் பாரதீய நியாய சன்ஹிதையின் 291-வது பிரிவின்படி, தம் வசமுள்ள பிராணியால் மனித உயிருக்கோ உடலுக்கோ அபாயம் நேராவண்ணம் காக்கத் தவறுவோருக்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மறுபுறம், நியாயமற்ற குறுகிய சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதும், கட்டியே வளர்க்கும் நாயைத் தக்கபடி நடமாட விடாதிருப்பதும் 1960-ஆம் வருஷத்துப் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். அவிழ்த்து விட்டாலும் குற்றம், கட்டிப்போட்டாலும் குற்றமா என்று சிலர் அலுத்துக்கொள்வதுண்டு. வேலி இருக்குமிடத்தில் இந்தச் சங்கடம் எழுவதில்லை.

மின்சார வேலியைப் பற்றிக் கேட்போருக்கு ஒரு வார்த்தை. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் பாய்ச்சுவது மனிதனையும் மாட்டையும் கொல்லும். 2023 மார்ச்சில் தர்மபுரி ஜில்லா மாரண்டஹள்ளிக்கருகில் மூன்று யானைகள் இவ்விதமான வேலியில் மாண்டதைப் பலரும் அறிவர். விட்டுவிட்டு மெல்லிய அதிர்ச்சி தரும் தக்க கருவியானாலும் நாயின் முற்றத்திற்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். மனிதர் எதிரே நிற்கும்போது அதிர்ச்சி பட்ட நாய், அம்மனிதரே அடித்தாரென்று எண்ணி அவரிடம் பகை கொள்ளக் கூடும்.

சத்தியமங்கலம், கூடலூர் போன்ற மலையடிவாரப் பகுதிகளில் சிறுத்தைக்கு நாய் விருப்பமான இரை. ஆறடி வேலி அதற்கு ஒரு தடையன்று. அங்குள்ளோர் சிறுத்தை நடமாடும் காலத்தில், நாலு பக்கமும் மேலும் கனத்த வலையிட்ட கொட்டகையில் நாயை இரவில் அடைத்து, அதைத் தொழுவத்தருகே வைத்துக்கொள்ளட்டும். அங்கிருந்து குரைத்தாலே வீட்டார் விழித்துக்கொள்வர். தெருநாய்களும் நரிகளும் வெறிநோயைக் கொண்டுவரக் கூடுமாதலால், எந்தப் பகுதியிலும் வலையின் அடி விளிம்பு தரையோடு ஒட்டியிருப்பது உள்ளிருக்கும் நாய்க்கும் பாதுகாப்பு. வருஷந்தோறும் தடுப்பூசி போடுவதை வேலியிருக்கிறதென்று நிறுத்திவிடலாகாது.

கரிசல் நிலத்தில் வேலியிட்டவர்கள் வருஷத்திற்கு இருமுறை அதைச் சுற்றிப் பார்க்க வேண்டும். கோடையில் மண் வெடித்துக் கல்லின் பிடி தளரும். ஐப்பசி மழையில் மண் உப்பிக் கல் சாயும். பங்குனியில் ஒருமுறையும் மார்கழியில் ஒருமுறையும் ஒவ்வொரு கல்லையும் கையால் அசைத்துப் பார்த்து, ஆடும் கல்லின் அடியில் ஜல்லியிட்டு இடித்து இறுக்கவும்.