முதல் இருபத்தொரு நாட்கள்

(மூன்றாமாண்டு மின்னியல் துறை மாணவர், குமணன்சாவடி)



"கேன்சர்" என்ற வார்த்தையை நம் வீடுகளில் இன்றும் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. "அந்த வியாதி" என்றுதான் சொல்வார்கள். அதைவிடப் பயமுறுத்தும் இன்னொரு வார்த்தை "கீமோ". "கீமோ குடுத்தா ஆளே உருக்குலைஞ்சு போயிடுவாங்க", "முடியெல்லாம் கொட்டிடும், சோறு இறங்காது" என்று வருகிறவர் போகிறவரெல்லாம் சொல்லிவிட்டுப் போவார்கள். இதைக் கேட்டு மிரண்டு, முதல் தவணை மருந்தோடு ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் நின்றுவிடுகிறவர்களும் உண்டு. குணமாகக்கூடிய நோய் அப்படித்தான் கைமீறிப் போகிறது.

இது டாக்டர்கள் எழுத வேண்டிய விஷயமாயிற்றே, டிப்ளமோ மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் வந்தால் அப்பாவுக்கு லீவு கிடைக்காது, அம்மா அடுப்படியை விட முடியாது. ஃபைலைத் தூக்கிக்கொண்டு கூடப் போவதும், சீட்டு போடுவதும், ரத்த ரிப்போர்ட் வாங்குவதும் நம் வயதுப் பிள்ளைகள்தான். இந்த ஆண்டு எங்கள் பெரியம்மாவுக்கு நான் அப்படிப் போய் வந்தேன். அங்கே நான் தெரிந்துகொண்டது ஒன்று. கீமோவின் பக்கவிளைவுகள் கண்டபடி வருவதில்லை. அவற்றுக்கு ஒரு டைம்-டேபிள் உண்டு. அது கையில் இருந்தால் பாதி பயம் போய்விடும்.

நம்மைச் சுற்றி

சிகிச்சைக்காக நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த வேதனையில் பிறந்ததுதான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. 1954-ல் வெறும் 12 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார்கள். 1955-ல் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் மறையும் வரை அதையே தம் வீடாக நினைத்து உழைத்தார். இந்தப் பக்கம் பெங்களூர் ரோட்டைப் பிடித்துப் போனால் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. 1969-ல் இதே நோய்தான் அண்ணாவை நம்மிடமிருந்து பறித்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் அடங்கும். முதல் நாளே ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு கவுண்டரில் விசாரித்துவிடுங்கள்.

மருந்து என்ன செய்கிறது?

நம் துறை பாஷையில் சொல்கிறேன். புற்றுநோய் செல் என்பது ஸ்டாப் சுவிட்ச் பழுதான மோட்டார் மாதிரி. நிற்காமல் ஓடும், அதாவது பிரிந்து பிரிந்து பெருகும். வேகமாகப் பிரியும் செல்களைத் தேடி அடிப்பதுதான் பழைய கீமோ மருந்துகளின் வேலை. ஆனால் நம் உடம்பிலேயே நியாயமாக வேகமாகப் பிரிகிற செல்களும் இருக்கின்றன. தலைமுடியின் வேர், வாய் மற்றும் குடலின் உள்தோல், ரத்தம் உற்பத்தியாகும் எலும்பு மஜ்ஜை ஆகிய மூன்றுக்கும் சேர்த்து அடி விழுகிறது. முடி கொட்டுவதும், வாய்ப்புண்ணும், ரத்த அணுக்கள் குறைவதும் இதனால்தான்.

நல்ல செல்கள் அடிபட்டாலும் மறுபடி எழுந்துகொள்ளும். அதற்காகத்தான் ஒரு தவணைக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி விடுகிறார்கள். பெரும்பாலும் அது 21 நாள். சில மருந்துகளுக்கு வாரம் ஒருமுறை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றும் இருக்கும்.

இந்த மருந்துகளில் நம்ம ஊர்ச் சம்பந்தமும் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன யெல்லாப்பிரகட சுப்பாராவின் ஆராய்ச்சிக் குழுவிலிருந்து வந்ததுதான் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து. ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் வின்கிரிஸ்டின், நம் வீட்டு வாசலில் பூக்கிற நித்யகல்யாணியிலிருந்து எடுத்தது. அதற்காக யாரும் அந்த இலையைப் பறித்துக் கஷாயம் வைத்துவிடாதீர்கள்! அளவு தெரியாமல் குடித்தால் அது விஷம்.

முதல் நாள்

மருந்து டிரிப்ஸாக ஏறும். ஏறும்போது ஊசி குத்திய இடத்தில் எரிந்தாலோ, வீங்கினாலோ, "கொஞ்சம் பொறுத்துக்கலாம்" என்று இருக்கவே கூடாது. உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும். சில மருந்துகள் நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கிவிடும்.

டாக்சோரூபிசின் என்ற மருந்து ரோஸ்மில்க் நிறத்தில் இருக்கும். அது ஏறிய பிறகு ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். ரத்தம் போகிறது என்று வீட்டில் அலறுவார்கள். அது மருந்தின் நிறம்தான். முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். டாக்டர் தண்ணீரைக் கட்டுப்படுத்தச் சொல்லாதவரை நிறையக் குடிக்கட்டும்.

முதல் இரண்டு நாள் நோயாளியின் சிறுநீர், வாந்தி ஆகியவற்றில் மருந்து கலந்து வெளியே வரும். சுத்தம் செய்பவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும், கக்கூஸில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்ற வேண்டும். மற்றபடி இது தொட்டால் ஒட்டுகிற நோயே இல்லை. தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஒதுக்கி வைப்பது பாவம் நண்பர்களே!

இரண்டு முதல் ஐந்தாம் நாள் வரை

குமட்டலும் வாந்தியும் வருகிற நேரம் இது. முதல் நாளே வரலாம். சில மருந்துகளுக்கு முதல் நாள் சும்மா இருந்துவிட்டு அப்புறம் பிடித்துக்கொள்ளும். ஒண்டான்செட்ரான் போன்ற மாத்திரைகள் வந்தபிறகு பழைய காலத்து அவதி இப்போது இல்லை. ஆனால் ஒரு விஷயம் முக்கியம். வாந்தி வந்த பிறகு மாத்திரை தேடக் கூடாது. வருகிறதோ இல்லையோ, சீட்டில் எழுதிய நேரத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். முதல் தவணையில் வாந்தியை அடக்கத் தவறினால், அடுத்த தடவை ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்ததுமே குமட்ட ஆரம்பித்துவிடும். மனசு அதைப் பழகிக்கொள்கிறது. அதனால்தான் முதல் தவணையில் இத்தனை கவனம் வேண்டும்.

சாப்பாட்டை மூன்று வேளை தட்டு நிறையப் போடாமல், இரண்டு மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். இட்லி, கஞ்சி, இடியாப்பம், ரசம் சாதம் எல்லாம் ஆறியபின் கொடுத்தால் நல்லது. சுடச்சுட இருந்தால் அந்த வாசனையே குமட்டும். தாளிக்கிற நேரத்தில் நோயாளி வேறு அறையிலோ, வாசல் காற்றிலோ இருக்கட்டும். "எதைச் சாப்பிட்டாலும் இரும்பைக் கடிச்ச மாதிரி இருக்கு" என்பார்கள். அது பொய்க் கோபம் இல்லை, நாக்கின் ருசி நிஜமாகவே மாறிவிடுகிறது. பிளாஸ்டிக் ஸ்பூனில் கொடுத்துப் பாருங்கள்.

வாந்தி மாத்திரையால் மலச்சிக்கல் வரலாம். கூடவே தரும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையால் தூக்கம் கெடும், சர்க்கரை நோயாளிகளுக்குச் சர்க்கரை ஏறும். இது தெரியாமல் "ராத்திரியெல்லாம் முழிச்சிக்கிட்டு இருக்காங்களே" என்று கவலைப்பட வேண்டாம். டாக்டரிடம் சொன்னால் மாத்திரை நேரத்தை மாற்றித் தருவார். வயிற்றுப்போக்கு வந்தால் உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள்.

ஏழு முதல் பதினான்காம் நாள் வரை

இந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். வாந்தி நின்று, முகம் தெளிந்து, "இனிமே கவலையில்லை" என்று எல்லாரும் மூச்சு விடுகிற நேரத்தில்தான் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்குகின்றன. வெளியே ஒன்றும் தெரியாது. கிருமி நுழைந்தால் எதிர்க்க ஆள் இல்லை.

பெரும்பாலும் இதற்கு ஒரே அடையாளம் காய்ச்சல்தான். 100.4 டிகிரி பாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் தொட்டுவிட்டால் அது அவசரம். அப்போது நடு ராத்திரியா, தீபாவளியா என்று பார்க்கக் கூடாது. நம் இஷ்டத்துக்கு மாத்திரை போட்டுக் காய்ச்சலை அமுக்கவும் கூடாது. அமுக்கினால் டாக்டருக்கு அடையாளம் தெரியாமல் போகும்.

எங்கள் பெரியம்மாவுக்குப் பத்தாம் நாள் இரவு 100.8 காட்டியது. இருமல் இல்லை, சளி இல்லை. "ஒரு மாத்திரை போட்டுப் படுக்கட்டும், காலையில பாத்துக்கலாம்" என்றார்கள் வீட்டில். டிஸ்சார்ஜ் சீட்டில் டாக்டர் அடிக்கோடிட்டு எழுதியிருந்த வரியை நான் எடுத்துக் காட்டினேன். பெரியப்பா மறுபேச்சுப் பேசவில்லை. பதினோரு மணிக்கு ஆட்டோ பிடித்துப் போனோம். ரத்தம் எடுத்த கையோடு ஆண்டிபயாடிக் டிரிப்ஸ் ஏற்றினார்கள். ரிசல்ட் வந்தபோது வெள்ளை அணுக்கள் மிகவும் கீழே இருந்தன. "காலை வரைக்கும் வச்சிருந்தா கஷ்டம் தம்பி" என்றார் டியூட்டி டாக்டர். ஐந்தாம் நாள் பெரியம்மா வீட்டுக்கு வந்து இரண்டு இட்லி சாப்பிட்டார்.

இதற்காகவே ஒரு தெர்மாமீட்டரும், ஆஸ்பத்திரியின் இரவு நேர போன் நம்பரும் வீட்டில் இருக்க வேண்டும். வண்டி கிடைக்காவிட்டால் 108. போனதும் முதல் வாக்கியமாக "கீமோ நடக்குது, இன்னைக்குப் பத்தாம் நாள்" என்று சொல்லுங்கள். அப்போதுதான் சாதாரணக் காய்ச்சல் வரிசையில் உட்கார வைக்க மாட்டார்கள்.

இதே நாட்களில் வாய்ப்புண்ணும் வரும். மெத்தென்ற பிரஷ் போதும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பு, அரை ஸ்பூன் ஆப்ப சோடா போட்டு ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கொப்பளிக்க வேண்டும். தண்ணீர் கொதிக்க வைத்து ஆறியதாகவும், பழம் நாமே தோல் உரித்ததாகவும் இருக்கட்டும். குமணன்சாவடி ஜங்ஷனில் விற்கும் பானிபூரியும் நறுக்கிய பழமும் இந்தச் சமயத்தில் வேண்டவே வேண்டாம். சளி பிடித்த சொந்தக்காரர்கள் போனில் விசாரித்தால் போதும். நாட்டு மருந்து, லேகியம் எதுவானாலும் டாக்டரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது வாரம்

எல்லா மருந்துக்கும் முடி கொட்டாது. கொட்டுகிற மருந்தானால் இரண்டு, மூன்று வாரத்தில் தலையணையில் தெரியும். கொத்துக் கொத்தாய் விழுவதைத் தினமும் பார்ப்பதைவிட, முன்பே கட்டையாக வெட்டிக்கொள்வது மனதுக்கு நல்லது. தெருவில் "திருப்பதியா, திருத்தணியா?" என்று கேட்பார்கள். "ஆமாம்" என்று சிரித்துவிட்டுப் போகலாம், தப்பில்லை. சிகிச்சை முடிந்து சில மாதங்களில் முடி திரும்ப வளர்ந்துவிடும். இந்த வாரத்தில் அணுக்களும் ஏறும், பசியும் திரும்பும். உடம்பு தேறுவதற்கு முட்டை, பருப்பு, வேகவைத்த மீன் என்று கொடுக்கலாம்.

நம் வயதிலேயே நோய் வந்தவர்கள், பிற்காலத்தில் குழந்தைப் பேறு பாதிக்குமா என்பதைச் சிகிச்சை தொடங்கும் முன்பே கூச்சப்படாமல் கேட்டுவிட வேண்டும். பாதுகாக்க வழிகள் உண்டு.

லாக் ஷீட் போடுங்கள்

லேபில் ரீடிங் எடுக்காமல் கிராஃப் போட முடியுமா? அதே கதைதான் இங்கும். நோட்டில் கட்டம் போட்டு, எத்தனையாவது நாள், காலை-மாலை டெம்பரேச்சர், வாந்தி எத்தனை தடவை, மலம், வாய், எடை, போட்ட மாத்திரை என்று தினமும் எழுதுங்கள். "போன தடவை எப்படி இருந்தது?" என்று டாக்டர் கேட்கும்போது நோயாளிக்குப் பாதி மறந்திருக்கும். நோட்டைப் பார்த்தால் மாத்திரையை மாற்றுவார், தேவையானால் மருந்தின் அளவைச் சரிசெய்வார், அணுக்களை ஏற்றும் ஊசி எழுதுவார். பக்கவிளைவைச் சொல்லாமல் பொறுத்துக்கொள்வதால் யாருக்கும் லாபமில்லை.

நாம் என்ன செய்யலாம்?

கீமோவில் தட்டணுக்களும் குறையும். தானமாகப் பெற்ற தட்டணுக்களை சாதாரணமாக ஐந்து நாளுக்குமேல் வைத்திருக்க முடியாது. அதனால் ஆஸ்பத்திரிக்குப் புதிது புதிதாகக் கொடையாளர்கள் வேண்டியிருக்கிறது. 18 வயதும் போதிய எடையும் உள்ள நாம் ரத்தம் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். நம் மாணவர் பேரவை துறைவாரியாக ரத்த வகைப் பட்டியல் ஒன்று தயாரித்து வைத்தால், அவசரத்துக்கு ஒரு போனில் ஆள் கிடைக்கும். இந்த மலரைப் படிக்கும் பேரவை நண்பர்கள் வரும் ஆண்டிலேயே இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாருக்காவது முதல் கீமோ என்று கேள்விப்பட்டால், பயமுறுத்தும் கதைகளைச் சொல்லாதீர்கள். ஒரு நோட்டும் ஒரு தெர்மாமீட்டரும் வாங்கிக்கொண்டு போங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் "100.4 வந்தால் உடனே ஆஸ்பத்திரி" என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.

நாள் கணக்கைத் தெரிந்துகொள்வோம்! நம்பிக்கையோடு துணை நிற்போம்!