உத்தரம் என்னும் சொல்

திருமுட்டம் என்னும் பழம்பெயருடைய ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாள் கோயிலுள் பதினாறுகால் மண்டபம் ஒன்று உண்டு. அதனுட் புகுவார் கண்கள் தூண்களின் சிற்பத்திலேயே தங்கிவிடும். அத் தூண்களின் தலைமேற் கிடந்து கூரைக் கற்களின் பொறையைத் தாங்கும் நெடுங்கற்களை நோக்குவார் சிலரே. அவையே உத்தரம் எனப்படுவன. அச் சொல்லின் பொருளும் வழக்கும் ஈண்டு ஆராயப்படும்.

தூணின் தலையில் அமைவது போதிகை. போதிகையின்மேற் கிடப்பது உத்தரம். சிற்ப நூலார் இதனைப் பிரத்தரம் என்னும் கூரை வரிசையின் முதற்படையாகக் கொண்டு, இதன்மேல் வாசனம், வலபி, கபோதம் ஆகியவற்றை முறையே வைப்பர். மயமதம் இதனைக் கண்டோத்தரம், பத்திரபந்தம், உரூபோத்தரம் என மூவகைப்படுத்தும்.

உத்தரம் வடசொல். மேலுள்ளது, பின்னது, வடக்கு, விடை எனப் பல பொருள் தருவது. கட்டடத்தில் மேலுள்ளது என்னும் பொருளும், உத்தர பல்குனி என்னும் நாண்மீனின் பெயரில் பின்னது என்னும் பொருளும் பொருந்தும். இரண்டும் மக்கள் நாவில் உத்திரம் எனவும் திரிந்து வழங்குதலின், எழுத்து வடிவு கொண்டு அவற்றை வேறுபடுத்தல் இயலாது. இடம் நோக்கியே பொருள் துணிதல் வேண்டும்.

இதற்கு நெடுநல்வாடை தக்க சான்றாகும். 188 அடிகளைக் கொண்ட அப் பாட்டில், அரண்மனை வாயிலை வருணிக்கும் நக்கீரர், ஒரு நாளின் பெயரைத் தாங்கிய சிறந்த மரம் அதன்கண் அமைந்தது என்கின்றார். நாள் யாது, மரம் யாது என்று அவர் விளக்கவில்லை. நச்சினார்க்கினியர் உரையில் வரும் ‘உத்தரக் கற்கவி’ என்னும் தொடரே அம் முடிச்சை அவிழ்க்கின்றது. உத்தரத்திற்குக் கட்டடப் பொருளும் உண்டென அறியாதார், அம் மரத்தை நல்ல நாளில் நட்ட மரமென மயங்குவர். மலையைக் குடைந்தாற்போன்ற வாயிலின் மேற்றாங்கி அவர்க்குப் புலனாகாது. பாட்டு மரம் என்க, உரை கல் என்றது கருதத்தக்கது. உத்தரம் என்பது பொருளாற் பெற்ற பெயரன்று, இருக்கும் இடத்தாற் பெற்ற பெயர் என்பது இதனால் விளங்கும்.

விட்டம் என்பதோ குறுக்கே இடப்படுவது. வட்டத்தின் நடுவூடு குறுக்கே செல்லும் கோட்டையும் விட்டம் என்றே கணக்கர் வழங்குதல் காண்க. மேலிருத்தல் பற்றியது உத்தரம். குறுக்கிடுதல் பற்றியது விட்டம். இற்றைப் பேச்சில் இரண்டும் ஒன்றாய்க் கலந்து நிற்கின்றன. ஆயின் மலையாளத்தார், சுவரின் தலைமேற் கிடந்து கழுக்கோல்களைத் தாங்கும் மரத்தை இன்றும் உத்தரம் என்றே கூறுவர்.

காங்கிரீட்டு வந்தபின் ‘பீம்’, ‘லிண்டல்’ என்பனவே கட்டுமிடங்களிற் பெரிதும் கேட்கப்படுகின்றன. ஒரு சொல் வழக்கொழியின், அதனை உட்கொண்டு எழுந்த பாட்டும் உடன் இருளடையும். ஆகலின், பழம்பாட்டுப் பயிலும் மாணவர் அகராதியோடு அமையாது, கோயில் மண்டபத்துள் நின்று ஒருகால் மேல்நோக்குதலும் கடனாம்.